சிவப்பு மருந்துக்கு ஓர் உறை

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வருடம், கீமோ வார்டில் அவர் பக்கத்தில் உட்காரும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் நர்ஸ் ஒரு பெரிய சிரிஞ்சோடு வந்தார். உள்ளே மாதுளம்பழச் சாறு மாதிரி நல்ல சிவப்பு. ஓடிக்கொண்டிருந்த டிரிப் குழாயில் அதைச் சேர்த்து, சித்தியின் முகத்தையும் கை நரம்பையும் மாறி மாறிப் பார்த்தபடி மெதுவாக ஏற்றினார். "அம்மா, ரெண்டு நாளைக்கு யூரின் சிவப்பா போகும், பயந்துடாதீங்க" என்றார்.

எனக்கு அதைவிட மனதில் நின்றது டாக்டர் ஃபைலின் மூலையில் எழுதிய எண். முதல் தடவை 60. மூன்று வாரம் கழித்து அதை அடித்துவிட்டு 120. அப்புறம் 180, கடைசியாக 240. என்ன கணக்கு என்று கேட்டேன். "இது வாழ்நாள் கணக்கு. இந்த மருந்தை ஒருத்தருக்கு மொத்தமா இவ்வளவுதான் கொடுக்கலாம்னு இருக்கு. தாண்டினா இதயம் தாங்காது" என்றார். புற்றுநோய்க்கு வந்த இடத்தில் இதயத்துக்கு எக்கோ எடுத்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தச் சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். அதன் வீரியத்தைக் குறைக்காமல் அது செய்யும் கெடுதலைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியோடு ஜெருசலேமில் ஒருவர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறார். அவர் யெஹெஸ்கேல் பாரென்ஹோல்ஸ், ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர். புதிய புற்றுநோய் மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துக்கு ஒரு உறை செய்தார். அந்த உறை சாதாரண விஷயம் இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மருந்தின் கதை. 1950களில் மிலானைச் சேர்ந்த ஃபார்மிட்டாலியா என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தெற்கு இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர், பளிச்சென்ற சிவப்பு நிறமி ஒன்றைச் சுரந்தது. எலிகளின் கட்டிகளை அது கரைத்தது. டானோரூபிசின் என்று பெயர் வைத்தார்கள். ரத்தப் புற்றுநோயில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலர் இதயம் செயலிழந்து இறந்துபோவது 1967 வாக்கில் தெரியவந்தது. நுண்ணுயிரில் மரபு மாற்றம் உண்டாக்கி இன்னொரு மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பழைய மூலக்கூறுக்கும் புதியதற்கும் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம். ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதை ஏட்ரியாமைசின் என்றார்கள். அதுதான் டாக்ஸோரூபிசின். மார்பகம், எலும்பு, நிணநீர் முடிச்சு என்று பலவகைப் புற்றுநோய்களுக்கு அது கேட்டது. 1974இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றுவரை கீமோவின் தூண்களில் ஒன்று அதுதான்.

ஆனால் இதயத்தின் பிரச்சினை கூடவே வந்தது. 1979இல் டேனியல் வான் ஹாஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் சுமார் 4,000 நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறும்போது சுமார் 3 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு. 550இல் 7 சதவீதம். 700இல் 18 சதவீதம். டாக்டர் போட்ட வாழ்நாள் கணக்கு இந்த வளைகோட்டிலிருந்து வந்ததுதான். 2003இல் சாண்ட்ரா ஸ்வெயின் குழுவினர் இன்னும் கவனமாகப் பார்த்தபோது 550இலேயே 26 சதவீதம் என்று வந்தது. முதலில் நினைத்ததைவிட நிலைமை மோசம்.

ஏன் இதயம்? இந்த மருந்து செல்லின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இழையை வெட்டி ஒட்டும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிடும். வேகமாகப் பெருகும் புற்றுச் செல் அதில் சாகும். இதயத் தசைச் செல் அநேகமாகப் பெருகுவதே இல்லை. ஆனால் அதே நொதியின் வேறொரு வடிவம் அதற்குள்ளும் இருக்கிறது, மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. 2012இல்தான் இது தெளிவானது. அதற்கு முன் பல காலம், இரும்போடு சேர்ந்து மருந்து உண்டாக்கும் ஆக்ஸிஜன் துகள்கள்தான் முழுக் காரணம் என்று கருதினார்கள். காரணம் எதுவானாலும், இதயத் தசை தோல் மாதிரி திரும்ப வளராது. போனால் போனதுதான். கீமோ முடிந்து பத்து வருடம் கழித்துக்கூட மாடி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கலாம்.

இதற்கு எளிய வழிகளையும் பார்த்தார்கள். ஒரே ஊசியாகப் போடாமல் 48 மணி, 96 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் இதயம் ஓரளவு தப்பியது. ரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று உயர்வதுதான் இதயத்துக்கு ஆகாது என்று அதிலிருந்து தெரிந்தது. ஆனால் நான்கு நாள் டிரிப்போடு படுத்துக் கிடப்பது யாருக்கு முடியும்? மருந்து கட்டிக்குப் போக வேண்டும், இதயத்துக்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் ரத்தம்தான் பாதை. சிக்கல் இதுதான்.

பாரென்ஹோல்ஸ் இதற்குள் வந்தது புற்றுநோய் வழியாக அல்ல, கொழுப்பு வழியாக. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு, அதிலுள்ள ஸ்ஃபிங்கோமைலின் போன்ற கொழுப்புகள் எப்படி அடுக்கிக்கொள்கின்றன, எந்த வெப்பத்தில் இறுகுகின்றன, எப்போது இளகுகின்றன என்பதெல்லாம் அவருடைய துறை. அந்தக் காலத்தில் அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள பாப்ரஹாமில், அலெக் பேங்கம் என்பவர் 1960களின் தொடக்கத்தில் லெசித்தினைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இருக்கும் கொழுப்புதான் லெசித்தின். அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனைக்கு ஆகாது. அதனால் தண்ணீரில் விட்டதும் தானாகவே சுருண்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீரைப் பூட்டிக்கொண்ட சின்னஞ்சிறு உருண்டைகளாகிவிடுகிறது. இவற்றுக்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது. இதற்குள் மருந்தை வைக்கலாமே என்று 1970களிலேயே பலருக்குத் தோன்றியது. தோன்றுவது சுலபம். செய்து முடிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது.

1980ஐ ஒட்டிய வருடங்களில் ஜெருசலேமின் ஹடாஸா மருத்துவமனையில் ஆல்பர்ட்டோ கபிஸோன் என்ற இளம் புற்றுநோய் மருத்துவரும் பாரென்ஹோல்ஸும் சேர்ந்தார்கள். ஒருவருக்கு நோயாளிகளைத் தெரியும், மற்றவருக்குச் சவ்வைத் தெரியும். அவர்கள் செய்த முதல் லிப்போசோமில் டாக்ஸோரூபிசின் கொழுப்புச் சுவருக்குள்ளேயே பதிந்திருந்தது. விலங்குகளில் நம்பிக்கை தந்தது. நோயாளிகளில் எடுபடவில்லை.

ஏன் எடுபடவில்லை என்பதை அவர்கள் பார்த்த விதம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, குப்பிக்குள் இருக்கும்வரை சுவரில் ஒட்டியிருந்த மருந்து, நோயாளியின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்து நீர்த்ததும் சுவரை விட்டுக் கழன்றுகொண்டது. உறை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். இரண்டு, உறைகளும் பெரிதாக இருந்தன. கல்லீரலிலும் மண்ணீரலிலும் அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே இருக்கும் செல்கள் அவற்றைச் சீக்கிரமே பிடித்துத் தின்றுவிட்டன. கட்டிவரை எதுவும் போய்ச் சேரவில்லை. தோல்வியை மறைக்காமல் இதையெல்லாம் அளந்து வெளியிட்டார்கள். அடுத்த உறை எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல் அந்த அளவுகளிலிருந்தே கிடைத்தது. உறை சிறியதாக இருக்க வேண்டும். விழுங்கும் செல்களின் கண்ணில் படக் கூடாது. மருந்து சுவரில் இல்லாமல் நடுவில் இருக்கும் தண்ணீரில் இருக்க வேண்டும், அங்கிருந்து கசியவும் கூடாது. ஒவ்வொரு உறையிலும் மருந்து நிறைய இருக்க வேண்டும்.

கசியாத சுவருக்குச் சோயா லெசித்தினில் ஹைட்ரஜன் ஏற்றினார்கள். எண்ணெயை வனஸ்பதி ஆக்கும் அதே வேலைதான். எண்ணெய் சாதாரண வெப்பத்தில் ஓடும், வனஸ்பதி கட்டியாக நிற்கும். ஹைட்ரஜன் ஏற்றிய லெசித்தின் இளக 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நம் உடல் 37 டிகிரி. ஆக ரத்தத்தில் அந்தச் சுவர் இறுகியே இருக்கும். கூடக் கொலஸ்ட்ராலும் சேர்த்தார்கள்.

கண்ணில் படாமல் இருப்பதற்கு வழி அமெரிக்காவில் கிடைத்தது. கபிஸோன் சான் பிரான்சிஸ்கோவில் டிமெட்ரி பாப்பஹாட்ஜோபுலோஸோடு வேலை செய்து, சுவரின் கலவையை மாற்றினால் லிப்போசோம் ரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றும் என்றும், கட்டியில் அதிகம் சேரும் என்றும் 1988இல் காட்டினார். பின்னர் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற இழைகளைச் சுவரின் வெளிப்புறத்தில் நடும் முறை வந்தது. அந்த இழைகள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு உறையைச் சுற்றி ஒரு புதர் மாதிரி நிற்கும். விழுங்கும் செல்லுக்கு உறை பிடிபடாது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த லிப்போசோம் டெக்னாலஜி நிறுவனம் இதில் முன்னால் நின்றது. மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவர்களே.

மருந்தை உள்ளே ஏற்றுவதுதான் பாரென்ஹோல்ஸ் ஆய்வகத்தின் தனிக் கைவேலை. ஒரு உறையின் குறுக்களவு 80, 90 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பன்னிரண்டாயிரத்தை வரிசையாக வைக்கலாம். இத்தனை சிறிய வயிற்றுக்குள் மருந்தை எப்படி அடைப்பது? அவர்கள் எடுத்தது அமோனியம் சல்ஃபேட். நம் ஊர் உரக்கடையில் மூட்டை மூட்டையாக இருக்குமே, அந்த உப்பு. முதலில் அந்த உப்புக் கரைசலிலேயே லிப்போசோம்களை உருவாக்குவார்கள். பிறகு வெளியில் இருக்கும் உப்பை மட்டும் நீக்குவார்கள். இப்போது உள்ளே உப்பு, வெளியே இல்லை. உள்ளிருந்து அமோனியா வாயு மெல்லச் சுவரைத் தாண்டி வெளியேறும். போகும்போது தன்னிடமிருந்த ஹைட்ரஜன் அயனியை உள்ளே விட்டுவிட்டுப் போகும். உள்ளே அமிலத்தன்மை ஏறும். இந்த நேரத்தில் வெளியே டாக்ஸோரூபிசினைச் சேர்த்தால், மின்னேற்றம் இல்லாத அதன் மூலக்கூறுகள் சுவரைத் தாண்டி உள்ளே போகும். போனதும் அந்த அயனியைப் பிடித்து மின்னேற்றம் பெறும். மின்னேற்றம் பெற்றதால் திரும்பி வர வழியில்லை. போதாததற்கு அங்கே காத்திருக்கும் சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்துவிடும்.

வாய்க்காலில் மீன்பறி வைப்பார்களே, அதே தத்துவம். மீன் உள்ளே போகும் வாய் இருக்கும், வெளியே வரும் வாய் இருக்காது. இந்த முறையில் 90 சதவீதத்துக்கும் அதிகமான மருந்து உள்ளே போய்விடும். ஒரு உறைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள். உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் மருந்துப் படிகம் ஒரு கோடு போலத் தெரியும். பார்க்கக் காபிக்கொட்டை மாதிரி இருக்கும். கொழுப்பைப் பற்றி வருடக்கணக்கில் யோசித்த ஒருவரால்தான் இந்தப் பூட்டைச் செய்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, இந்த உறை இதயத்தை எப்படிக் காப்பாற்றுகிறது? இதயத்தின் ரத்த நாளச் சுவர்கள் நெருக்கமானவை. 80 நானோமீட்டர் உருண்டை அதன் இடுக்குகளில் நுழையாது. கட்டிக்குள் அவசர அவசரமாக வளர்ந்த நாளங்களில் ஓட்டைகள் அதிகம், உருண்டை கசிந்து உள்ளே போகும். கட்டியில் வடிகால் சரியாக இல்லாததால் அங்கேயே தங்கும். ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் விளக்கியது இதைத்தான். சாதாரண டாக்ஸோரூபிசின் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே ரத்தத்தை விட்டு எல்லாத் திசுக்களுக்கும் பாய்ந்துவிடும். 1994இல் கபிஸோன், பாரென்ஹோல்ஸ் குழுவினர் வெளியிட்ட முதல் நோயாளிகளின் அளவீட்டில், உறைக்குள் இருந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் 45 மணி நேரம் எடுத்தது. புற்றுநோயால் நெஞ்சிலும் வயிற்றிலும் கோத்திருந்த நீரில், வெறும் மருந்து தந்ததைவிட 4 முதல் 16 மடங்கு மருந்து சேர்ந்திருந்தது.

1995 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் டாக்ஸில். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கப்போசி சார்கோமா என்ற புற்றுநோய்க்கு முதலில் கொடுத்தார்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி போய் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் அவர்கள், வெறும் கீமோவைத் தாங்கும் உடம்பு இல்லை. அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைச் சொல்வார்கள். 1999இல் சூலகப் புற்றுநோய்க்கும் அனுமதி வந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உறையால் புற்றுநோய் கூடுதலாகக் குணமானதா என்றால், பொதுவாக இல்லை. எலிகளின் கட்டிகளில் இருக்கும் அளவு ஓட்டை மனிதக் கட்டிகளில் எப்போதும் இருப்பதில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 509 பெண்களில் ஒரு பாதிக்கு வெறும் டாக்ஸோரூபிசினும் மறு பாதிக்கு உறையிட்டதும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக உயிரோடு இருந்த காலம் 22 மாதம், 21 மாதம். கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு வெறும் மருந்து பெற்றவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. முடி கொட்டியது அவர்களில் 66 சதவீதம் பேருக்கு, உறையிட்டது பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு "அவ்வளவுதானா, ஆயுள் கூடவில்லையே" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆயுளை மூச்சு வாங்காமல் வாழ்வது அவர்களுக்கு ஏன் சின்ன விஷயமாகப் படுகிறது என்று எனக்குப் புரியவில்லை. செய்தித்தாளில் "புற்றுநோய்க்குப் புதிய மருந்து" என்றால் முதல் பக்கம். பழைய மருந்தின் கொடுமையைக் குறைத்தார்கள் என்றால் செய்தியே இல்லை. கீமோ நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டும் ஒரே எடை.

இதயத்தைக் காக்க வேறு பாதையில் வந்தவர்களும் உண்டு. லண்டனில் கர்ட் ஹெல்மன் குழுவினர் உருவாக்கிய டெக்ஸ்ரசோக்சேன் என்ற மருந்தைக் கீமோவுக்குச் சற்று முன் கொடுத்தால் இதயத் தசை பாதுகாக்கப்படுகிறது. அதற்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது அதே 1995இல்தான்.

உறையிட்ட மருந்து புதிய தொல்லை ஒன்றையும் கொண்டுவந்தது. நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும் உருண்டைகள், அழுத்தமும் உரசலும் அதிகமுள்ள உள்ளங்கை, உள்ளங்கால்களில் கசிந்து சேர்கின்றன. தோல் சிவந்து, எரிந்து, உரிந்துகூட வரும். அதே 2004 ஆய்வில் 48 சதவீதம் பேருக்கு இது வந்தது, வெறும் மருந்தில் 2 சதவீதம் மட்டுமே. சிலருக்கு மருந்து ஏற ஆரம்பித்த நிமிடங்களிலேயே முகம் சிவந்து நெஞ்சு அடைக்கும், அதனால் முதலில் மிக மெதுவாக ஏற்றுவார்கள். கை கால் எரிச்சல் டோஸைக் குறைத்தால், தள்ளிப்போட்டால் ஆறிவிடும். இதயம் அப்படி ஆறாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை வருட உழைப்பு.

பாரென்ஹோல்ஸ் அனுமதி கிடைத்ததோடு நிறுத்தவில்லை. இவ்வளவு இறுக்கமாகப் பூட்டிய மருந்து கட்டிக்குள் போய் எப்படித் திறக்கிறது என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 2015இல், அதாவது மருந்து சந்தைக்கு வந்து 20 வருடம் கழித்து, அவர் ஆய்வகம் ஒரு விடையை முன்வைத்தது. புற்றுச் செல்கள் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை வெறித்தனமாகத் தின்னும், அப்போது அமோனியா வெளியாகும். அந்த அமோனியா உறைக்குள் நுழைந்து அமிலத்தன்மையைக் குறைத்தால், படிகம் கரைந்து மருந்து வெளியே வரும். சோதனைக் குழாயில் அப்படித்தான் நடந்தது. அமோனியா வெளியேறியதால் பூட்டிய பூட்டு, அமோனியா திரும்பி வந்ததால் திறக்கிறது. இதை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த மருந்தின் உரிமைத் தொகையிலிருந்து ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். இஸ்ரேலில் பயன்பாட்டு அறிவியலில் ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு அது 2003இலிருந்து போகிறது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் ஒரு கண்ணி உண்டு. 2011 நவம்பரில், அமெரிக்காவுக்கான டாக்ஸிலைத் தயாரித்துவந்த ஒஹாயோ ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அந்த நாட்டிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். 2012 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த, இதே மாதிரி உறையிட்ட டாக்ஸோரூபிசினான லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அடுத்த வருடம் சன் ஃபார்மாவின் ஜெனரிக்குக்கு முழு அனுமதியும் கொடுத்தது.

சித்திக்கு ஆறு வருடம் கழித்து நோய் திரும்பியது. பழைய ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டர் முதலில் பார்த்தது அந்த 240ஐத்தான். எக்கோ எடுத்தார்கள். இந்தத் தடவை உறையிட்டது கொடுக்கலாம் என்றார். சிரிஞ்ச் இல்லை, பையில் தொங்கியது. மாதுளம்பழச் சாற்றின் பளபளப்பு இல்லாமல் சற்றே கலங்கிய சிவப்பு. நர்ஸ் இரண்டு கைகளிலும் ஐஸ் பையைக் கொடுத்து, "அம்மா, இதைப் பிடிச்சுக்கோங்க. ஒரு வாரத்துக்குச் சுடுதண்ணில பாத்திரம் கழுவாதீங்க, இறுக்கமான செருப்பு வேண்டாம், துணி அடிச்சுத் துவைக்காதீங்க" என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு சித்தியின் உள்ளங்கை தோல் உரிந்தது. சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை என்று சலித்துக்கொண்டார், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள், ஆறியது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சித்தி அப்போதும் நடுவில் நிற்காமல் ஏறி வந்தார்.